குடவோலை காட்டும் நெறி



2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுமுதல் நம் கோலார் தங்கவயல் மக்களுள் பலர், மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரில் பிழைப்பு நடத்துகின்றனர். சிலர் அங்கேயே குடியேறிவிட்டனர். ஆகவே நம் செயற்குழு இப்பொழுது பலமுறை கைப்பேசித் திரையிலேயே கூடுகின்றது. அதில் நேரும் ஓர் இடர்ப்பாட்டைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஓரறையில் அமர்ந்திருக்குங்கால், பேச விரும்புபவர் நிமிர்ந்து உட்காருவார், தொண்டையைச் செருமுவார், நாமும் குறிப்பறிந்து வழிவிடுவோம். திரையில் அக்குறிப்புகள் புலப்படா. இருவர் ஒருங்கே தொடங்குவர், இருவரும் அடங்குவர், முடிவில் உரத்த குரலே வெல்லும். தாய்மாரும் இளைஞரும் ஒரு சொல்லும் உரையாமலே கூட்டம் முடிந்துவிடும். தலைவர் பெயர் சொல்லி அழைத்தாலோ, முன்னே யார் பின்னே யார் என்ற மனக்கசப்பு எழும்.

இதற்கு மருந்து நம் நாட்டுக் கல்வெட்டிலேயே உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையைக் கல்லில் பொறித்தனர். ஊரில் குடும்புகள் 30. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, யாவரும் கேட்கப் படித்தனர். கையில் மறைவேதும் இல்லையென்று காட்டுதற்கே அவ்விரிவு. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. பலருக்கும் முறை வருதல் வேண்டும் என்பதன்றோ அதன் கருத்து!

அம்முறை நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே உரியதாயிருந்தது. அக்குறையை விலக்கி, நெறியை மட்டும் நாம் கொள்வோம்.

நம் கூட்டத்திற்கு நான் கூறுவது இது: வந்துள்ளோர் பெயரைச் சீட்டுகளில் எழுதி, திரையில் எல்லோரும் காண ஒரு செம்பிலிட்டுக் குலுக்குக. ஒரு குழந்தை எடுக்கட்டும். பெயர் வந்தவர் இரண்டு நிமிடம் பேசுக. விருப்பமில்லையேல் "பிறகு" என்க. எடுத்த சீட்டை, எல்லோர்க்கும் முறை வருமளவும் மீண்டும் செம்பில் இடற்க. தலைவர் இறுதியில் பேசுக. கணக்கு வினவப்படின் பொருளாளர் இடையே விடையளிக்கலாம். முடிவு செய்வது சீட்டன்று. அது முறையை மட்டுமே வகுக்கும். சீட்டின்மேல் சினம் கொள்வார் யாருமிலர்.

இதனால் நேரம் சற்றுக் கூடும் என்பது மெய்யே. ஆயினும், பலமுறை வாளா கேட்டிருப்பவர் ஒருநாள் கேட்பதையும் நிறுத்திவிடுவார். ஊரைவிட்டுச் சென்றவர் சங்கத்தையும் விட்டு அகல்வது இவ்வாறே. அடுத்த செயற்குழுவிலேயே இதனைச் செய்து பார்க்குமாறு வேண்டி அமைகின்றேன்.