தடித்த துணிக்கு ஏற்ற தையல் இயந்திரம்

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சென்ற முறை நாம் இம்மண்டபத்திற்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்து விடைபெறும் வேளையில், வேலையிலிருந்து நேரே வந்திருந்த தாய் ஒருவர் தம் இடுப்பிலிருந்த ஒட்டுப்பால் பையை அவிழ்த்து நம்மிடம் காட்டினார். பையின் துணி கெடவில்லை, தையல்தான் விட்டுப்போயிருந்தது. "கையால் தைத்துத் தைத்து விரல் புண்ணாகிவிட்டது, ஐயா. ஒரு மிஷின் வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். எந்த மிஷின் இதைத் தைக்கும்?" என்று அவர் கேட்டார். அன்று நாம் தெளிவான விடை கூறவில்லை. கூறாமல் விட்ட விடையே இன்றைய உரை.

ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பதற்கு இயந்திரம் வாங்குவதில் பெரும் குழப்பம் இல்லை. கடையில் நல்ல நிலையிலுள்ள எதுவும் அதனைச் செய்யும். நாம் பேசப்போவது வெயிலிலும் மழையிலும் பயன்படும் பொருள்களைப் பற்றி. ஒட்டுப்பால் பை, உளியும் தீட்டுக்கல்லும் வைக்கும் பை, மழை அங்கி, மோட்டார் சைக்கிள் உறை, திருவிழாப் பந்தலின் மேற்கட்டு ஆகியவை அத்தகையன. இவற்றிற்குரிய துணி கித்தான், தார்ப்பாய், நைலான் வார் முதலியன. (கித்தா மரத்தில் பால் வெட்டும் நமக்குக் கித்தான் துணி ஓர் எழுத்து தூரத்தில்தான் இருக்கிறது.) மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வருமானமும் குறைகிறது. அந்நாளில் அக்கம்பக்கத்தாருக்கு இப்பொருள்களைத் தைத்துக் கொடுத்தால் குடும்பத்திற்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் அதற்கென வாங்கிய இயந்திரமே மூன்றாம் நாள் முடங்கிவிட்டால், சேமிப்பும் போயிற்று, ஊக்கமும் போயிற்று.

அப்படி முடங்கிய ஒன்றை வேறொரு தோட்டத்தில் நாம் கண்டோம். அழகிய வெண்ணிற இயந்திரம்; முப்பதுக்கு மேற்பட்ட தையல் வகைகள்; பெட்டியின்மீது 'கனமான வேலைக்கு உகந்தது' என்னும் பொருள்பட அச்சிட்ட சொற்கள். முதல் பையின் வாயோரம் நன்றாகவே அமைந்தது. வார் வைத்துத் தைக்கும் மூலைக்கு வந்தபோது ஊசி நின்றது, மோட்டார் முனகியது, மிதியை இன்னும் அழுத்தினார்கள், உள்ளே ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டது. திறந்து பார்த்தபோது நைலான் பல்சக்கரத்தின் இரண்டு பற்கள் உடைந்திருந்தன.

அம்மூலையில் அப்படி என்ன இருந்தது? எண்ணிப் பாருங்கள். துணியின் ஓரத்தை இருமுறை மடித்தால் மூன்று அடுக்கு. இரண்டு ஓரங்கள் சந்திக்குமிடத்தில் ஆறு அடுக்கு. அதன்மீது மடித்த வார் இரண்டு அடுக்கு. ஆக எட்டு அடுக்கு! இயந்திரத்தைச் சோதிக்கும் இடம் இந்த எட்டு அடுக்கே. கடைக்காரர் எடுத்துப் போடும் ஒற்றை அடுக்கு வெள்ளைத் துணியன்று.

ஆதலின் முதலில் சொல்ல வேண்டியது இது: இயந்திரம் வாங்கப் புறப்படும்போது, நீங்கள் தைக்கப்போகும் துணியிலேயே ஒரு சாண் துண்டும் ஒரு வார்த்துண்டும் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் அதனை எட்டு அடுக்காக மடித்து, அழுத்துபாதத்தின் கீழ் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். நுழையாவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது. நுழைந்தால், மோட்டாரை இயக்காமல் கைச்சக்கரத்தை மட்டும் சுழற்றிப் பத்துத் தையல் போடுங்கள். ஊசி தடையின்றி இறங்கி ஏறுகிறதா, துணி சமமாக நகர்கிறதா, கீழ்ப்புறத்தில் நூல் சுருண்டு கிடக்கவில்லையா என்று நோக்குங்கள். பிறகுதான் மோட்டார். இச்சோதனைக்கு இணங்காத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். கைப்பேசியில் படத்தைப் பார்த்து வாங்குவோருக்கு இச்சோதனைக்கு வழியே இல்லை. தடித்த துணிக்கான இயந்திரத்தை அவ்வழியில் வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

தையல் வகைகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பைக்கும் தார்ப்பாய்க்கும் வேண்டியது நேர்த்தையல் ஒன்றே. 'கனமான வேலைக்கு' என்று பெட்டியில் அச்சிடுவதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. விற்பவர் விரும்பினால் அச்சிடலாம். மோட்டாரின் வாட் எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. வீட்டு இயந்திரங்களின் மோட்டார் பெரும்பாலும் 100 வாட்டுக்கு உட்பட்டதே. அந்த ஆற்றல் ஊசி முனைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும் அமைப்பும், உள்ளே இரும்பு உறுப்புகளும் இருந்தால் சிறிய மோட்டாரும் கித்தானைத் துளைக்கும்.

இங்குதான் நம் வீடுகளின் மூலையில், மேலே பூச்சாடி வைக்கப்பட்டுக் கிடக்கும் பாட்டி காலத்துக் கறுப்பு இயந்திரத்தை நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்கரான ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். அவருடைய நிறுவனம் 1885-இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் பெரும் ஆலையைத் திறந்தது; அது 1980-இல் மூடப்பட்டது. 15கே, 66கே, 99கே என்று பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்துடைய இயந்திரங்கள் அவ்வாலையில் பிறந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியர் 15-ஆம் வகையைப் பின்பற்றி ஏராளமான இயந்திரங்களைச் செய்தனர். சீனாவின் ஷங்ஹாயில் செய்யப்பட்ட 'பட்டர்ஃபிளை' இயந்திரங்களும் வந்தன. இவற்றின் உடல் வார்ப்பிரும்பு, உள்ளுறுப்புகள் எஃகு. போடுவது நேர்த்தையல் ஒன்றே; அதனைச் செம்மையாகப் போடும். காலால் மிதிக்கும் மேசையில் பொருத்தியிருந்தால் கீழுள்ள பெரிய சக்கரத்தின் உந்துதல் ஊசிக்கு வலிமை தருகிறது. வேகமோ உங்கள் காலின் விருப்பம். ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்தியும் போகலாம். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது.

ஒரு குடும்பத்திற்கு ஓர் இயந்திரம் என்றால், நல்ல நிலையிலுள்ள மிதி இயந்திரத்தையே நாம் முதலில் சொல்வோம். புதிய இயந்திரம் இழிந்தது என்பது இதன் பொருளன்று. சட்டையும் பாவாடையும் தைப்போருக்கு, பித்தான் துளை போடுவோருக்கு, புதியதே வசதி. நம் தேவை வேறு.

பழைய இயந்திரம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. கைச்சக்கரம் இலகுவாகச் சுழல வேண்டும். ஊசித் தண்டைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. துணியை நகர்த்தும் பற்கள் கூராக இருக்க வேண்டும். விரலால் தடவினால் தெரியும். பாபினும் அதன் உறையும் உள்ளனவா, இன்று கடைகளில் கிடைக்கும் ஊசி அதற்குப் பொருந்துகிறதா என்பவற்றை விலை பேசுமுன் பார்த்துவிட வேண்டும். மிகப் பழைய சில வகைகளுக்கு உரிய ஊசி இன்று கிடைப்பது அரிது. மோட்டார் பொருத்திய பழைய இயந்திரமாயின் கம்பியைக் கட்டாயம் பாருங்கள். அக்காலத்துக் கம்பிகளின் உறை ரப்பரால் ஆனது. ரப்பர் முதுமையடைந்தால் இறுகி வெடிக்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? அத்தகைய கம்பியை மின்பணியாளரைக் கொண்டு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

தொழிற்சாலை இயந்திரத்தைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து அவை மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் சட்டை தைப்பதற்கென அமைந்த இயந்திரம் நிமிடத்திற்கு 5,000 தையல் வரை ஓடவல்லது; அது விரைவுக்கு உரியதே தவிர, தடிமனுக்கு உரியதன்று. பழகாத கை அதனிடம் சென்றால் விரலுக்கே ஆபத்து. வேகத்தைக் குறைக்கும் செர்வோ மோட்டார் பூட்டினால் ஓரளவு அடங்கும். லாரித் தார்ப்பாய் போன்ற உண்மையான கனமான துணிக்கு வேண்டியது, கீழ்ப்பற்களோடு மேற்பாதமும் நடந்து துணியை நகர்த்தும் வகை. அதன் விலையும் எடையும் அதிகம். நான்கைந்து குடும்பத்தார் பங்கிட்டு வாங்கிப் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலை போதிய அளவு இல்லையென்றால் லாரித் தார்ப்பாயைத் தைக்கக் கடைக்கே அனுப்பிவிடுவது அறிவுடைமை.

இனி ஊசியும் நூலும். இயந்திரத்தின்மீது சுமத்தப்படும் பழியில் பாதி இவ்விரண்டிற்கே உரியது. உறையில் 90/14, 100/16, 110/18 என்று அச்சிட்டிருப்பார்கள். 90 என்றால் ஊசியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்பது பங்கு. 110 என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கித்தானுக்கு 100 அல்லது 110 வேண்டும். மெல்லிய ஊசி வளையும். வளைந்த ஊசி கீழுள்ள கொக்கியைத் தவறவிடும். தையல் விட்டுவிட்டு விழும். மொட்டையான ஊசி துணியைத் துளைக்காமல் இடிக்கும். ஊசி மலிவு, மாற்றிவிடுங்கள்.

பருத்தி நூலுக்கு ஒரு நற்குணம் உண்டு: ஈரத்தில் அது பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். ஆயினும் நம் நாட்டு ஈரத்தில் விரைவில் மக்கிவிடும். அந்தத் தாயின் பையில் துணி இருக்கத் தையல் மட்டும் விட்டுப்போனதற்குக் காரணம், வீட்டிலிருந்த பருத்தி நூலால் தைத்ததே. நைலான் நூல் வலிமையானது, ஆனால் நாள்தோறும் வெயில் பட்டால் தளர்ந்துவிடும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பொருளுக்குத் தடித்த பாலியெஸ்டர் நூலே ஏற்றது. மேல்நூலும் கீழ்நூலும் ஒரே வகையாக இருக்கட்டும்.

உறுதிக்காகச் சிலர் நெருக்கமாகத் தைக்கின்றனர். அது தவறு. தையல் நெருங்க நெருங்கத் துளைகள் பெருகி, அஞ்சல்தலையின் ஓரம்போல் துணி அவ்வரிசையிலேயே கிழிந்துவிடும். தடித்த துணிக்குத் தையலின் நீளம் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் இருக்கலாம். மழை அங்கித் துணியில் குண்டூசி குத்தாதீர்கள். அத்துளை மூடாது, தண்ணீர் புகும். துணி உலர்த்தும் கவ்விகளைக் கொண்டு பிடித்துக்கொள்ளலாம். அத்துணி பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேலே மெல்லிய தாள் ஒன்றை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுத்துவிடுங்கள்.

தவணைக்கு வாங்குவோருக்கு ஒரு சொல். தவணை வியாபாரத்தைத் தையல் இயந்திரங்களுக்கு 1850-களிலேயே கொண்டுவந்தவர்கள் சிங்கர் நிறுவனத்தார். ரொக்க விலை 600 வெள்ளியான இயந்திரத்தை மாதம் 60 வெள்ளியாகப் பன்னிரண்டு மாதம் செலுத்தினால் 720 வெள்ளி ஆகிறது. அந்த 120 வெள்ளியை அறிந்தே கொடுங்கள். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். எண்கள் நிரப்பப்படாத தாளில் கையொப்பமிட வேண்டாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடையில் வாங்கிய பொருள் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றி நீங்களே முறையிடலாம். ஆனால் அண்டை வீட்டாரிடம் வாங்கிய பழைய இயந்திரத்திற்கு இவ்வழி இல்லை; அதற்கு எட்டு அடுக்குச் சோதனைதான் துணை.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி உறுப்புகளைப் பிணைத்துவிடும். சுழலவே மறுக்கும் பல பழைய இயந்திரங்கள் கெட்டுப்போனவை அல்ல, தேங்காய் எண்ணெய் குடித்தவை. தையல் இயந்திரத்திற்கென விற்கும் எண்ணெயே ஊற்ற வேண்டும், அதுவும் துளைக்கு ஒரு துளி.

இதோ மேசைமீது இருப்பது, இத்தோட்டத்து அன்பர் ஒருவர் நமக்காக இரவல் தந்த கறுப்பு மிதி இயந்திரம். 110 ஊசியும் பாலியெஸ்டர் நூலும் கோத்து வைத்திருக்கிறோம். ஒட்டுப்பால் பை கொண்டுவந்த அம்மா முதலில் வரட்டும்; மற்றவர்கள் தங்கள் துணித்துண்டுகளை எட்டாக மடித்துக்கொண்டு வரிசையாக முன்னே வாருங்கள்.