சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

(போளூரில் ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் எங்கும் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும். 100 பிள்ளைகளும் அதற்கு மேலும் படிக்கிற இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் வேண்டும். பாடம் நடத்தாத ஊழியருக்கும் பயிற்சி உண்டு என்கிறது தீர்ப்பு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளை ராத்திரியில் அழுதால் முதலில் யார் காதில் விழும்? சமையல்கார அம்மா, வாட்ச்மேன். அவர்களை விட்டுவிட்டு நடத்தினால் ரிஜிஸ்டரில் கையெழுத்துத்தான் மிச்சம்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளிடம் பாகுபாடில்லாமல் நடக்கவும் பயிற்சி வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இந்த வரியைத் தாண்டிப் போகத்தான் நம்மாட்களுக்கு நன்றாகத் தெரியுமே! மூச்சை இழு, விடு, டீ, பிஸ்கட், முடிந்தது. சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் நொறுங்கிப்போன பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி எதுக்குங்க?

நாங்குநேரியை மறக்க முடியாது. 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த தலித் மாணவர், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். கேட்டது சரி. அவரும் வாய் திறந்து சொன்னார். ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிள்ளையைப் பேச வையுங்கள் என்று பயிற்சியில் சொல்கிறோம். பேசியது யார் யார் காதுக்குப் போகும், அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை எங்கே படுக்கும், இதையெல்லாம் யார் சொல்லித் தருவது?

அதற்குப்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் தனியே கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்கிறது. சின்ன விஷயம் என்பீர்கள். நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன். பின்னாடி யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான், "ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சாண்ணா" என்று கேட்கிறது பிள்ளை.

"சாகணும்னு தோணுதாப்பா" என்று நேராகக் கேட்டால் நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகாதா என்று ஒரு டீச்சரம்மா கேட்டார்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேளுங்கள். தோணுது என்றால் தனியே விடாதீர்கள். கூடவே உட்கார்ந்து 14416, டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். சாதிதான் காரணம் என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சமரசம் பேசாதீர்கள், 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் சொன்ன பிள்ளைக்கே டி.சி. கொடுத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதாதீர்கள்.

அடுத்த பயிற்சிக்குச் சமையல்கார அம்மாவையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு டீயை வேறு யாராவது போடட்டும்.