விசாரணைக்கு வராத கமாண்டர்

எங்க புதுக்கோட்டைப் பக்கம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு மீன்பிடி ஊர்கள் இருக்கு. கடல்ல ஒரு படகு கவிழ்ந்தா, யாரோடதுன்னு கேட்காம காப்பாத்தத்தான் ஓடுவாங்க. இன்னைக்குச் சொல்லப்போறது அதுக்கு நேர் எதிரான கதை.

1944 ஜூலை 2. 'ஜீன் நிக்கோலெட்'ங்கிற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 100 பேரோட கொழும்புக்கு வந்துக்கிட்டிருந்தது. 'ஐ-8'ங்கிற ஜப்பான் நீர்மூழ்கி அதை டார்பிடோ போட்டு மூழ்கடிச்சது. அதுவரைக்கும் போர்னு வச்சுக்கலாம். ஆனா தப்பிச்சவங்களையும் மேல்தளத்துல ஏத்தி, கையைக் கட்டி, அடிச்சே கொன்னாங்க. விமானம் வருதுன்னதும், மிச்சப் பேர் கட்டுண்டு கிடக்கும்போதே நீர்மூழ்கி முங்கிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு, 'ஹோக்சா' கப்பல் 23 பேரை உயிரோட தூக்குச்சு.

அதே வருஷம் அட்லாண்டிக்ல, 'பெலியஸ்' கப்பல்ல தப்பிச்சவங்களைச் சுட வச்சவர் ஜெர்மன் கமாண்டர் ஹெய்ன்ஸ் எக். 1945 அக்டோபர்ல ஹாம்பர்க் கோர்ட்ல நிறுத்தினாங்க. "மிதக்குற உடைசல் எங்களைக் காட்டிக்கொடுத்துடும்"ங்கிற மாதிரி வாதாடினார். எடுபடலை. நவம்பர் 30, சுட்டுட்டாங்க.

'ஐ-8' கமாண்டர் அரிஇசூமி? ஜப்பான் சரணடைஞ்சதும், கரை சேர்றதுக்குள்ள தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு அவர்கிட்ட கேட்க ஒரு கோர்ட்டுக்கும் வாய்ப்பே கிடைக்கலை.