வலியின் விலை
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தொழில் அனுபவத்தைப் பேசச் சொன்னார் செயலாளர். மன்னிக்கணும், நான் ஒரு மாத்திரையின் விலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வடக்கனந்தல். 2016-ல் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றி எலும்பில் இறங்கிவிட்டது. டாக்டர் எழுதியது மார்ஃபின். 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். ஆனால் சீட்டோடு நான் ஏறி இறங்கிய ஒரு கடையிலும் இல்லை. "தம்பி, அதை வெச்சா கேஸு, ரிஜிஸ்டர்னு அலையணும்" என்றார் ஒரு கடைப் பெரியவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் என்று மிரட்டியது. லைசென்ஸும் ஒன்றல்ல, பல. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். 1997-ல் நாடு முழுவதும் நோயாளிகளுக்குப் போன மார்ஃபின் வெறும் 18 கிலோ! இத்தனைக்கும் நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளை வைத்துக்கொண்டு, மருந்துக்காக அபினை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இது.

2014-ல் சட்டத்தைத் திருத்தி ஒரே அனுமதி போதும் என்றார்கள். அந்தத் திருத்தம் எங்க பக்கம் பஸ் ஏறி வரவில்லை.

அதே கடைத்தெருவில் ஒருவன், "அண்ணே, வலிக்குத்தானே? வேற மாத்திரை இருக்கு" என்றான். டேபென்டடால். அட்டையில் போட்ட விலையைப் போல் ஐந்து மடங்கு கேட்டான். சீட்டே வேண்டாமாம். அவனிடம் வாங்க நின்றவர்கள் மீசை அரும்பாத பையன்கள். நானும் பணத்தை எண்ணிவிட்டேன், ஒளிக்க மாட்டேன். அப்பாவின் முனகல் காதிலேயே இருந்தது. எங்கே செய்ததோ என்ற பயத்தில்தான் திரும்பினேன்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்தது. பதினைந்து நாளுக்கொரு முறை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று பஸ் மாறிப் போய் வருவான் தம்பி. வழிச்செலவும் அவன் கூலி இழப்பும் மாத்திரை விலையைப் போல் நாலு மடங்கு. மூன்றாம் நாள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வீட்டுக்குக் கொடுத்தால் வெளியே கசியாதா என்பீர்கள். கோழிக்கோட்டில் 1,723 நோயாளிகளுக்குக் கொடுத்து இரண்டாண்டு கண்காணித்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் குழுவினர் 2001-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்.

அப்பா போன பிறகு 14 மாத்திரை மீந்தது. தம்பி திருப்பிக் கொண்டுபோனான். நர்ஸம்மா ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.