தேயிலைப் பெட்டி எழுத்து

மூட்டையிலும் மரப்பெட்டியிலும் மின்கம்பத்திலும் தகரம் வைத்து மை தேய்த்த எழுத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். ஸ்டென்சில் என்போம். அந்த எழுத்தை அச்சுக்கூடத்துக்குள் கொண்டுவந்த ஓர் ஆங்கில எழுத்துருவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பெயர் 'டீ செஸ்ட்', அதாவது தேயிலைப் பெட்டி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஈய எழுத்து வார்த்துவந்த ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் 1939இல் வெளியிட்டது. வடிவமைத்தவர் ராபர்ட் ஹார்லிங்.

தகரத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தை வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க ஒரு சிறு பட்டையை வெட்டாமல் விடவேண்டும். மை தடவியபின் அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். நம் எழுத்திலும் இதே கதைதான். 'ட'வும் 'ப'வும் தொல்லை தராது. 'க'வும் 'ம'வும் பட்டை கேட்கும்.

ஈயத்தில் வார்க்கும் எழுத்துக்குப் பட்டை எதற்கு? அங்கே எதுவும் கழன்று விழப்போவதில்லை. ஆக, அச்செழுத்தில் அந்த இடைவெளி வெறும் வேஷம். வேஷம் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

1937இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் ஒரே வேஷத்தை ஒரே பெயரில் போட்டன. லட்லோவுக்காக ஹன்டர் மிடில்டனும், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக ஜெர்ரி பவலும் ஆளுக்கொரு 'ஸ்டென்சில்' செய்தார்கள். பவல் செய்ததுதான் உலகம் சுற்றியது. எனக்கென்னவோ அதில் ஒட்டுதல் இல்லை. அகலமான உடம்பு, மழுங்கிய முனை. ராணுவக் கூடாரம் என்றால் உடனே அதைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள்.

டீ செஸ்ட் அப்படியல்ல. ஒடுங்கிய உடம்பு, கனத்த கால். அதன் 'ஓ'வைப் பாருங்கள். மேலும் கீழும் பிளந்து, இரண்டு தூண்களாக நிற்கிறது. எழுத்து ஒடுங்க ஒடுங்க நேர்கோடுகளுக்குத்தான் வேலை அதிகம். அதனால் நடுவில் விழும் வெள்ளைக்கோடு காயமாகத் தெரியாமல், அடுத்த எழுத்துக்குத் தாளம் போட்டுக்கொடுக்கிறது. அகலம் குறைந்த சுவரொட்டியிலும் நீளமான பெயரை உயரமாக நிறுத்தலாம்.

பெயரும் சும்மா வந்ததில்லை. தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கத்துக்குள் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், பெட்டி எண், எடை எல்லாம் அடங்கவேண்டும். லண்டனின் மின்சிங் லேன் வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் சரக்கை அடையாளம் கண்டார்கள். இலங்கை மலையகத்தில் நம்மவர் கொழுந்து கிள்ளிய தேயிலையும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் கப்பலேறியது.

குறையும் உண்டு. சின்ன அளவில் அச்சிட்டால் இடைவெளிகளை மை அடைத்துவிடும். பத்தி பத்தியாகக் கோத்தால் வேலிக்கம்பிதான் கண்ணுக்குத் தெரியும். தலைப்புக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் ஆசைப்படக்கூடாது.

கணினியில் தமிழ் எழுத்துரு செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எழுத்தின் குறுக்கே வெள்ளைக்கோடு இழுத்துவிட்டால் ஸ்டென்சில் ஆகிவிடாது. முதலில் ஒரு கெட்டி அட்டையில் 'ண' எழுத்தைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். எந்தத் துண்டு விழுகிறதோ, அங்கே பட்டை வையுங்கள்.