வாதம் இல்லையாம், ஏச்சுதானாம்!

மழையென்றும் பாராமல் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு இறங்கி வந்திருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, விடிந்தால் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்களே!

ஒரு விஷயத்தை விழுங்கப் பார்த்தேன், தொண்டையில் நிற்கிறது. போன மாதம் ஒரு பேச்சுப் போட்டி. பசறைப் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி, அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோச்செஸ்டர் நகரில் பேசிய பேச்சைத் தமிழில் பேசினாள். நடுவர் என்ன சொன்னார் தெரியுமா? “உணர்ச்சி உண்டு, வாதம் இல்லை. வெறும் ஏச்சு.” ஆறுதல் பரிசுகூட இல்லை!

வாதம் இல்லையா? சுதந்திர விழாவுக்குப் பேச அழைத்தவர்களை டக்ளஸ் முதலில் மெச்சுகிறார். ‘உங்கள் முன்னோர்’ மாவீரர்கள் என்கிறார். ‘நம் முன்னோர்’ இல்லை ஐயா, ‘உங்கள்’! கூட்டம் தலையாட்டும்போதே கத்தி இறங்கிவிட்டது. அடிமை மனிதன்தான் என்று நிரூபிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே கணக்குக் காட்டுகிறார்: வர்ஜீனியாவில் கறுப்பரைத் தூக்கில் போட 72 குற்றங்கள், வெள்ளையருக்கு இரண்டே இரண்டு. மாட்டுக்கு யாராவது குற்றவியல் சட்டம் எழுதுவார்களா? இது வாதமில்லை என்றால் நடுவர் குடித்தது தேநீரில்லை!

நம்ம கதைக்கு வாங்க. 1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது, இலங்கையை விட்டுவிட்டு. இங்கே 1844இல் ஒழித்தார்கள். ஒழித்தார்களாம்! பிறகு துண்டு எங்கிருந்து வந்தது? கடன் இவ்வளவு, கட்டுகிற தோட்டம் ஆளைக் கூட்டிப் போகலாம் என்று துரை எழுதிய துண்டு. கணக்கு எழுதியவன் கங்காணி, சுமந்தவன் நம் பாட்டன். வேலைக்குப் போகாதவனுக்குச் சட்டப்படி மறியல். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார். துண்டு ஒழிய 1921 ஆனது.

“சோறு போட்டது யார்?” என்பார்கள். ஆமாம், கொழுந்து தானாகவே கூடைக்குள் குதித்தது!

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்பார்கள். இன்றைய தலைவர்களுக்கும் வேஷம் உண்டு. ஓட்டுக் கேட்க வேட்டி, கொழும்பு போனால் கோட்டு.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். யாருடைய சுதந்திரம்? அதே வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம், நம்மை நாடற்றவராக்கிய துண்டு! 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே. அதைவிடப் பெரிய துண்டு உண்டா? ஆட்டைப் பிரித்தாலும் குட்டி எது, தாய் எது என்று பார்ப்பானே! நாம் கேட்டது ஒரே துண்டு, காணித்துண்டு. அதை மட்டும் காணோம். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு மூடியதே, அந்தச் சனத்துக்குப் பாதுகாப்பான இடத்தில் ஒரு காணித்துண்டு இருந்திருந்தால்?

ஏச்சாம்! நான் இன்னும் ஏசவே தொடங்கவில்லை.

அந்தப் பிள்ளை அதோ, மூன்றாம் வரிசையில் அம்மாவோடு இருக்கிறாள். மேலே வா மகளே. மைக்கைப் பிடி. முழுப் பேச்சையும் பேசு. இங்கே மணி அடிக்க ஆளில்லை.