மூலமும் உரையும்



இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த அப்பாக்களும் அம்மாக்களும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் தனி வணக்கம்.

கணினி அறிவியல் மாணவர்களிடம் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இயங்குதளப் பாடத்தில் தேறிவிடுகிறார்கள். ஷெட்யூலிங், டெட்லாக், பேஜிங் எல்லாம் பார்ட் பி கேள்விகளாக மனப்பாடம். ஆனால் ஒரு கர்னலின் நிரலை ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். பெற்றோருக்காகச் சொல்கிறேன்: உங்கள் செல்போனில் எந்த ஆப்புக்கு எப்போது முறை வரும், எதற்கு எவ்வளவு மெமரி என்று முடிவு செய்யும் அடித்தள நிரலுக்குத்தான் கர்னல் என்று பெயர். ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றிலும் இருப்பது லினக்ஸ் கர்னல். அதை மேதைகள் மட்டுமே தொட முடியும் என்ற பயம் நம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது.

அந்தப் பயத்தைப் போக்க ஓர் ஆசிரியர் பாடுபட்டார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லயன்ஸ், 1976-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்புக் கர்னலைத் தன் மாணவர்களுக்காக எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 9,000 வரிகள். வரிக்கு எண் போட்டு அச்சிட்டு, பகுதி பகுதியாக விளக்கம் எழுதினார். குறளுக்குப் பரிமேலழகர் செய்ததை இவர் கர்னலுக்குச் செய்தார்: மூலமும் உரையும். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் தடை போட்டது. பரீட்சைக்கு முன் நோட்ஸ் கைமாறுகிற மாதிரி, லயன்ஸின் உரை உலகமெங்கும் ஜெராக்ஸாகவே கைமாறியது. முறையாக அச்சேறியது 1996-இல்தான். அந்தத் தடையால்தான் ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்காக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதி 1987-இல் வெளியிட்டார். அந்த மினிக்ஸில் பழகிய ஹெல்சின்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் லினக்ஸின் முதல் பதிப்பைத் தந்தார். அதுவும் சுமார் பத்தாயிரம் வரிதான். ஆசிரியர்களே, மாணவனுக்காக எழுதிய இரண்டு பேரின் உழைப்பு எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

லயன்ஸ் உரை எழுதிய அதே யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். பலர் இதைத் திமிர் என்று நினைத்தார்கள். 'இது பரீட்சையில் வராது' என்கிற தொனியில்தான் எழுதினோம் என்று டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். அத்தோடு நிறுத்தவில்லை, அங்கே என்ன நடக்கிறது என்று அப்போது எங்களுக்கும் புரிந்திருக்கவில்லை என்றார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரே இப்படிச் சொல்கிறார் என்றால், முதல் வாசிப்பில் புரியாத நீங்கள் ஏன் கூச வேண்டும்?

இன்று அதே இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள முடியும். அந்த ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்து, 2006-இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களுக்காகப் புதிதாக எழுதப்பட்டது எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளம். சென்னை ஐஐடி பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ என்பிடெல்லில் நடத்தும் இயங்குதளப் பாடம் இதைக் கொண்டுதான் நடக்கிறது, கட்டணமில்லாமல் கேட்கலாம். எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசசர் வகைக்கான பதிப்பில் ப்ராசஸ் மாற்றும் பகுதி மொத்தம் 29 கட்டளைகள். 14 ரெஜிஸ்டர்களைச் சேமிக்க 14, மாறப்போகும் இடத்தின் 14 ரெஜிஸ்டர்களை ஏற்ற 14, கடைசியில் ஒரு 'ரிட்டர்ன்'. அந்த ரிட்டர்ன், கூப்பிட்டவரிடம் திரும்புவதில்லை. திரும்ப வேண்டிய முகவரியும் மாறிவிட்டதால், நுழைந்தது ஒன்று, வெளியே வருவது இன்னொன்று. பேப்பரில் கட்டம் போட்டு ஒரு சாயங்காலம் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

அடுத்து, எக்ஸ்வி6-இல் புதிதாக ஒரு சிஸ்டம் கால் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு கோப்புகளில் சில வரிகள்தான். தப்பு நடந்தால் 'பேனிக்' என்று திரை நின்றுபோகும். கியூ-எமு என்ற மென்பொருளுக்குள் ஓடுவதால் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. மூடிவிட்டு மறுபடி ஓட்டலாம்.

லினக்ஸ் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. முழுவதையும் படித்தவர் எவரும் இருக்க மாட்டார். ஒரு டிரைவரை எடுத்துக்கொண்டால் போதும். நீங்கள் அனுப்பும் பேட்ச்சின் அடியில் உங்கள் பெயரில் ஒப்பமிடும் வழக்கம் 2004-இலிருந்து இருக்கிறது. எந்தக் கல்லூரி, எத்தனை அரியர் என்று யாரும் கேட்பதில்லை. நிரல் சரியா என்றுதான் பார்ப்பார்கள். பதில் கறாராக வரும், திருத்தி மறுபடி அனுப்புங்கள். ஆனால் ரெஸ்யூமேயில் காட்டுவதற்காக எழுத்துப்பிழைத் திருத்தம் நாலு அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அது வாசல்படி மட்டுமே.

இதற்கெல்லாம் புதுக் கணினி வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. உங்கள் அண்ணன், அக்கா வாங்கிய அந்தக் கணினி வீட்டுப் பரணில் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டுங்கள். எக்ஸ்வி6 படிக்க அது தாராளம். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசசரில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. அதுவும் ரிஸ்க்-ஃபைவ் வகைதான். நீங்கள் கற்கும் அந்த 14 ரெஜிஸ்டர்கள் அதிலும் உண்டு.

கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். வாரம் ஒரு நாள், கடைசி பஸ்ஸுக்கு நேரம் விட்டு, மாலையில் ஒரு லேபைக் கர்னல் வாசிப்புக்குத் திறந்து வையுங்கள். பட்டதாரிகளே, நீங்கள் எந்த ஊரில் வேலைக்குப் போனாலும், ஊருக்கு வரும்போது அந்த லேபுக்கு வாருங்கள். உங்களுக்குப் புரிந்த ஒரு பகுதியை ஜூனியர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்.